ஹட்டன் மலையிலே ஒரு சித்திரை இரவு

மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்வோர் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பார்ப்பதற்காகவே செல்கின்றனர். பள்ளத்தாக்கின் ஆழத்தைப் பார்க்கின்றனர். பாறையினின்று விழும் அருவியைப் பார்க்கின்றனர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளைப் பார்க்கின்றனர். பகலெல்லாம் பார்த்துக் களைத்தபின், இரவிலே கம்பளிக்குள் ஒடுங்கி உறங்கிவிடுகின்றனர். அம்மலைகளின்மேல் கவிந்துள்ள வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் மிகச் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அந்தச் சிலருள் ஒருவனாகும் பேறு எனக்கு வாய்த்தது.

சித்திரை மாதத்தில் நுவரெலியா எப்படியிருக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே அமைந்த அந்தச் சிறு நகரம், வசந்த விழாவென்றால் கொழும்பின் ஒரு பகுதியாகவே மாறிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரையிலே வண்ண விளக்குகள், விடிய விடிய ஒலிபெருக்கி. இரண்டு நாள் அங்கே தங்கினேன். இரண்டு இரவும் வானம் மங்கிய பால்நிறத்திலே கிடந்ததேயன்றி, விண்மீன்களை எண்ணிப் பார்க்கக்கூட இயலவில்லை. மூன்றாம் நாள் காலையிலே பெட்டியைக் கட்டிக்கொண்டு நானுஓயாவுக்கு இறங்கிப் புகையிரதம் ஏறினேன்.

நானுஓயாவிலிருந்து ஹட்டன்வரை செல்லும் அந்தப் பாதை, எத்தனை முறை சென்றாலும் சலிப்புத் தராதது. தலவாக்கலையைக் கடந்து, கொட்டகலையைக் கடந்து, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளிலே புகுந்து வெளிவந்தால் ஹட்டன். நிலையத்திலே என் நண்பர் காத்திருந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் அவர் ஆசிரியர். அவருடைய பாட்டனாரும் பூட்டனாரும் அந்தத் தோட்டத்திலேயே தேயிலைக்கு உரமாகிப் போனவர்கள். அவரோ படித்து ஆசிரியரானபின்னும் லயத்தை விட்டுப் போக மனமின்றி, தாயாருடனும் மனைவி மக்களுடனும் அங்கேயே வாழ்கிறார்.

“நுவரெலியாவின் வேடிக்கையை விட்டு இங்கே எதைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டார்.

“இருளைப் பார்க்க வந்தேன்” என்றேன்.

அவர் சிரித்தார். “அது எங்களிடம் நிறைய உண்டு” என்றார்.

நான் காண விரும்பியது ஒரு நட்சத்திரமன்று; நட்சத்திரக் கோடிகள் சேர்ந்த ஓர் அண்டம். வானநூலார் அதனை மெசியே 83 என்ற எண்ணால் அழைக்கின்றனர். நாம் வாழும் பால்வழியைப் போலவே அதுவும் ஒரு தனி அண்டம். குளத்திலே எழும் நீர்ச்சுழிபோல், நடுவே திரண்டு, சுற்றிலும் சுருண்ட கரங்களை விரித்து நிற்பது. அதன் தட்டையான முகம் ஏறத்தாழ நேராக நம்மை நோக்கியிருத்தலால், பெரிய தொலைகாட்டிகள் எடுத்த நிழற்படங்களில் அதன் சுருள் முழுவதும் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஒன்றரைக் கோடி ஆண்டுகள் செல்லும். ஒரு வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே அத்தனை ஆண்டுகள் என்றால், தூரத்தை நாம் மனத்தாலும் அளக்க மாட்டோம்.

அதனை முதன்முதல் கண்டவர் லக்காய் என்னும் பிரெஞ்சுத் துறவி. தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுப்பதற்காக ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தங்கியிருந்த அவர், 1752ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் அதனைக் குறித்துவைத்தார். அவர் கையாண்ட தொலைகாட்டியின் வில்லை அரை அங்குல அகலமே உடையது. அவ்வளவு சிறிய கருவியைக் கொண்டு ஏறத்தாழ 10,000 விண்மீன்களின் இடத்தை அளந்தார் என்றால், அவருடைய பொறுமையை என்னென்பது! 1781இல் பாரிஸ் நகரிலிருந்து மெசியே அதனை மீண்டும் தேடிக் கண்டு, தம் பட்டியலில் 83ஆவதாகச் சேர்த்தார். ஆனால் பாரிஸ் வானத்திலே அது அடிவானுக்கு மேல் 11 பாகை அளவுக்கே எழும். ஆகவே புகையிலும் பனியிலும் அவர் பெரிதும் இடர்ப்பட்டார்.

நமக்கோ அந்த இடர் இல்லை. இலங்கையின் மலைநாடு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகையே வடக்கே உள்ளது. ஆதலால் ஹட்டனிலே நின்று பார்ப்பவனுக்கு அந்த அண்டம் தென்வானில் 53 பாகை உயரத்துக்கு, பாதி வானத்துக்கும் மேலே, ஏறி நிற்கும். ஐரோப்பிய வானநூலார் கப்பலேறிச் சென்று கண்டதை, நம் லயத்து வாசலில் நின்றே நாம் காணலாம். அன்றியும், அது நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலேயாம். புத்தாண்டும் அமாவாசையும் அடுத்தடுத்து வந்த ஆண்டு அது. வேறென்ன வேண்டும்?

மழை பெய்யாதிருக்க வேண்டும். அதுதான் என் கையில் இல்லை.

மலைநாட்டுச் சித்திரையின் குணம் தெரிந்ததே. காலையிலே பளிங்குபோன்ற வெயில். பிற்பகலிலே இடியும் மழையும். அன்றும் மூன்று மணிக்கு இடி முழங்கிற்று. தகரக் கூரைகளின்மேல் மழை விழும் ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. நண்பரின் தாயார் அடுப்படியில் தேநீர் வைத்துக் கொடுத்தார். அறுபது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவர் விரல் நுனிகளிலே தேயிலைச் சாயம் இன்னமும் கருமையாகப் படிந்திருந்தது.

“வானத்தைப் பாக்கவா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீங்க? வானந்தான் எங்கேயும் இருக்கே” என்றார்.

எங்கும் இருப்பது எங்கும் தெரிவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மழை ஓய்ந்தது. ஆயினும் மேகம் கலையவில்லை. பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்து லயத்தையே மறைத்தது. நண்பரின் பிள்ளைகள் இருவரும், பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் ஐந்தாறு பேரும், இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் போட்டுக் காத்திருந்தனர். அன்று காலையில் வாங்கிய கைவிசேஷக் காசை எண்ணுவதும், கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பதுமாகப் பொழுது போயிற்று. நான் அவர்களுக்குத் தொலைதூர அண்டத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். இனி அதனைக் காட்டாமல் போனால் என் சொல்லுக்கு அந்த லயத்திலே மதிப்பிராது.

பதினொன்றரை மணிக்கு ஒரு சிறுவன் ஓடிவந்து, “சேர், மலைக்கு மேலே வெள்ளி தெரியுது!” என்றான்.

வெளியே வந்தோம். கீழ்க்காற்று மூட்டத்தைப் பள்ளத்தாக்கினுள் தள்ளிக்கொண்டிருந்தது. மழை கழுவிய வானம் தெற்கிலிருந்து திறந்துகொண்டே வந்தது. புத்தாண்டு விடுமுறையாதலால் தேயிலைத் தொழிற்சாலை மூடியிருந்தது. மற்ற நாட்களில் இரவெல்லாம் கொழுந்தை வாட்டும் விசிறிகளின் இரைச்சலும் இல்லை, விளக்குகளும் இல்லை. லயத்து வாசல்களில் எரிந்த மின்குமிழ்கள் மட்டுமே தடையாயிருந்தன. ஆசிரியர் ஒரு சொல் சொன்னார். பிள்ளைகள் வீடு வீடாக ஓடினர். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு விளக்குகளும் அணைந்தன. எதற்கென்று கேட்டுக்கொண்டு பெரியவர்கள் சிலரும் போர்வையுடன் எழுந்து வந்தனர்.

லயத்துக்குச் சற்று மேலேயுள்ள பெரட்டுக்களத்துக்கு எல்லோரும் ஏறினோம். முன்னே ஒரு நாயும், சிவப்புத் தாள் சுற்றிய ஒரு கைவிளக்கும் சென்றன. அந்தப் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை உலாவுவது உண்டு. ஆகவே இரவிலே தனியே எவரும் நடப்பதில்லை. ஈரப் புல்லிலே அட்டைகள் காலைத் தேடின. காலை விடியுமுன்னே ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் அக்களத்திலே, அன்று நள்ளிரவில் வானத்துக்குப் பெரட்டு நடந்தது எனலாம்.

தென்மேற்கே முகில் கிழிந்த இடத்தில் சிவனொளிபாதமலை தெரிந்தது. யாத்திரைக் காலம் முடியவில்லையாதலால், அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிக்கட்டு விளக்குகள் ஒரு பொன்னிழைபோல் மின்னின. பிள்ளைகள் அதனையே வியந்து பார்த்தனர். நான் அவர்களைத் தெற்கே திருப்பினேன்.

வாசகர்களும் பார்க்க விரும்பின் வழி எளிது. நாம் பஞ்சாங்கத்தில் நாள்தோறும் படிக்கும் அத்தம், சித்திரை, சுவாதி என்னும் மூன்றும் சித்திரை மாத நள்ளிரவில் தலைக்கு மேலே அருகருகே நிற்கும். அவற்றுள் வெண்ணீலமாய் ஒளிர்வது சித்திரை. இந்த நட்சத்திரத்தின் அருகே முழுமதி நிற்கும் மாதமாதலாலேயே நம் மாதத்துக்கு அப்பெயர் வந்தது. அங்கிருந்து நேர் தெற்கே கண்ணை இறக்கினால், அடிவானத்துக்கு 36 பாகை மேலே மங்கலான பஞ்சுப் பொட்டுப்போல் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். அது ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவிலே, ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் தேனீக் கூட்டம்போல் திரண்டிருப்பது. சித்திரைக்கும் இந்தப் பொட்டுக்கும் நடுவே, கிட்டத்தட்ட சரிபாதியில், மெசியே 83 இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. வெறும் இருளே தோன்றும்.

நான் கொண்டுபோனது பெரிய கருவியன்று. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இருகண் தொலைகாட்டி மட்டுமே. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தூணிலே கையை ஊன்றி, சித்திரையிலிருந்து மெல்லமெல்ல இறங்கினேன். ஒருமுறை தவறினேன். இரண்டாம் முறையும் தவறினேன். பின்னால் பிள்ளைகளின் மூச்சுக் கேட்டது. மூன்றாம் முறை, சிறு விண்மீன்களின் நடுவே, ஊதினால் அழியும்போன்ற ஒரு சாம்பல் படலம் கண்ணிற்பட்டது. அதுவேதான்!

நிழற்படங்களிலே கண்ட செந்நீலச் சுருளை எதிர்பார்ப்பவர் இதனைக் கண்டு ஏமாறுவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுருளும் தெரியாது, நிறமும் தெரியாது. கண்ணாடியிலே பட்ட மூச்சுப்போல் ஒரு மங்கல், அவ்வளவே. ஆனால் அந்த மங்கலின் குறுக்களவு 50,000 ஒளியாண்டு. அதற்குள்ளே இருப்பவை கோடானுகோடி சூரியர்கள். அந்த ஒளி புறப்பட்ட காலத்தில் மனித இனமே உலகில் தோன்றியிருக்கவில்லை. இம்மலைகளில் காடு இருந்தது. காட்டை அழித்துக் கோப்பியும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் நடுவதற்கு எவரும் இருக்கவில்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டு, அந்த ஒளியின் பயணத்திலே நேற்றுப்போன்றது.

பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தனர். “சேர், அங்கேயும் ஆக்கள் இருப்பாங்களா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். எவருக்கும் தெரியாது என்றேன். அந்த விடை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆசிரியருக்கே தெரியாத ஒன்று இருக்கிறதென்பதில் பிள்ளைகளுக்கு எப்போதுமே மகிழ்ச்சி.

அந்த அண்டம் அமைதியாகத் தோன்றினும் அமைதியானதன்று. நம் காலத்துக்குள்ளேயே அதில் ஆறு பெருவிண்மீன்கள் வெடித்ததை வானநூலார் கண்டிருக்கின்றனர். அவை தோன்றிய ஆண்டுகள் 1923, 1945, 1950, 1957, 1968, 1983. பெருவிண்மீன் ஒன்றின் எரிபொருள் தீர்ந்தபின், அதன் கரு சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் எடை கொண்டால், தன்னைத் தானே தாங்கமாட்டாது இடிந்துவிடும். அந்த எல்லையை வகுத்தவர் நம் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்கையிலே, பத்தொன்பது வயது இளைஞராக அக்கணக்கைத் தொடங்கினார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1983ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில்தான் ஆறாவது வெடிப்பை ஆஸ்திரேலியாவிலே ஒருவர் தம் சொந்தத் தொலைகாட்டியில் கண்டார். ஒன்றரைக் கோடி ஆண்டுகள் ஓடிவந்த அந்த ஒளி, அம்மாதம் நம் மலைநாட்டின் மேலும் விழுந்திருக்கும். அதைப் பார்க்க எவருக்கும் மனமிருந்திராது. அம்மாதத்தின் இறுதி வாரத்திலே நுவரெலியாவிலும் பிற மலையக நகரங்களிலும் இரவைச் சிவக்கச் செய்தது எரிந்த கடைகளின் நெருப்பு. பெரட்டுக்களத்தில் நின்ற பெரியவர்கள் சிலர் அதனை நேரிற் கண்டவர்கள். நான் அந்த ஆண்டைச் சொன்னபோது அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் பிள்ளைகளின் தலைமேல் போர்வையை இழுத்துவிட்டார்.

எல்லோரும் பார்த்து முடித்தபின் நண்பரின் தாயார் வந்தார். அதுவரை ஒதுங்கி நின்றவர், “எனக்கும் காட்டுங்க தம்பி” என்றார். ஒரு கண்ணிலே சத்திரசிகிச்சை செய்தவர். அக்கண்ணுக்குக் கருவியைச் சரிசெய்து கொடுத்தேன். நெடுநேரம் தேடினார். கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து பழகிய கழுத்து அசையாது நின்றது.

“கோலமாவு சிந்துன மாதிரி கெடக்கு” என்றார் மெதுவாக.

“அதுதான் அம்மா.”

கருவியை என்னிடம் திருப்பித் தந்தவர், வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “எங்கக்கா போன ஊர்லயும் இது தெரியுமா தம்பி?”

அப்போதுதான் அந்தக் கதையை அறிந்தேன். 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின்படி, தோட்டத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரிக்கப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கை நாடுகளுக்குச் சரியாயிருந்தது, குடும்பங்களுக்குச் சரியாயிருக்கவில்லை. இந்த அம்மையாரின் தந்தை இலங்கைப் பிரசாவுரிமை கேட்டார். அக்காளின் கணவரோ இந்தியக் கடவுச்சீட்டுக் கேட்டார். 1973இல் அக்காள் புறப்பட்டாள். ஹட்டன் நிலையத்திலே ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் பெயரிட்ட புகையிரதத்தில் ஏறி, தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, இறுதியிலே நீலகிரியில் கோத்தகிரியை அடைந்தாள். அங்கும் தேயிலைதான். பன்னிரண்டு வயதுத் தங்கை நிலையத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பிறகு கப்பலும் நின்றது; கடிதமும் நின்றது.

“தெரியும் அம்மா” என்றேன். மனத்திலே கணக்கிட்டுப் பார்த்தேன். கோத்தகிரி இங்கிருந்து நாலரைப் பாகை வடக்கே. ஆகவே அங்கே அந்த அண்டம் நாலரைப் பாகை தாழ்ந்து நிற்கும். மேற்கே இருத்தலால், இங்கே உச்சத்துக்கு வந்து கால் மணி நேரம் கழித்து அங்கே உச்சத்துக்கு வரும். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? “கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடியுங்கள். இங்கே தெரியுமிடத்துக்கு மூன்று விரல் கீழே அங்கே தெரியும். நமக்குப் பிறகு கால் மணி நேரத்தில் அவர்களுக்கு நேரே வரும்” என்றேன்.

அந்த அம்மையார் கையை நீட்டினார். சாயமேறிய மூன்று விரல்களையும் வானத்தின்மேல் வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல் விரலையும் கீழ் விரலையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. தமிழ்நாட்டிலே ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் இடத்தில் பெரிய வானாய்வுக்கூடம் இருப்பதையும், அதை அமைக்க உழைத்த வைணு பாப்பு 1982இல் மறைந்தபின் 1986இல் அங்கே நிறுவப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைகாட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டதையும், நம் நாட்டிலும் மொறட்டுவையிலே ஜப்பான் 1996இல் வழங்கிய 45 சென்றிமீட்டர்த் தொலைகாட்டி இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல எண்ணியிருந்தேன். மறுநாள் சொன்னேன். அன்றிரவு சொல்லத் தோன்றவில்லை.

பிள்ளைகள் உறங்கப் போனார்கள். நண்பர் என் காதருகே, “கோத்தகிரியிலே தேடிப் பார்க்கலாமா? பழைய கடித உறையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது” என்றார். பார்க்கலாம் என்றேன். எழுதவேண்டிய கடிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருவரும் லயத்துக்கு இறங்கினோம். வாசலை அடைந்தபின் திரும்பிப் பார்த்தேன். அம்மையார் எங்களுடன் வரவில்லை. பெரட்டுக்களத்தில் தனியே நின்றுகொண்டிருந்தார்.

கூப்பிடப் போன மகனைக் கையசைத்துத் தடுத்து, “கால் மணி நேரம் ஆகட்டும்” என்றார்.